‘ஜாஸின் அரசன்’: முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதைப்போம்

போல் வைற்மனைப் பற்றி எங்கே வாசித்தாலும் ஒரு வசனம் வந்து நிற்கும். மதுச்சாலைகளிலும் நடன விடுதிகளிலும் அலைந்து திரிந்த ஜாஸைப் பிடித்து, குளிப்பாட்டி, கோட் போட்டு, மண்டபத்துக்குள் கூட்டிவந்தவர் அவர்தானாம். சொற்கள் மாறும், சாரம் மாறாது. 1924 பெப்ரவரி 12 அன்று நியூயோர்க்கின் ஏயோலியன் மண்டபத்தில் அவருடைய குழு அரங்கேற்றிய ‘ரப்சொடி இன் ப்ளூ’வுக்கு 2024இல் நூறு வயதானபோது இந்த வசனம் இன்னொருக்கா உலகம் சுற்றி வந்தது. நாங்களும் வாசித்தோம். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் மிஞ்சியது.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வைற்மன் வெறும் வியாபாரி, அவருடையது ஜாஸே இல்லை, தூக்கி எறியுங்கோ என்று சொல்லுற ஆக்களும் இருக்கினம். எங்களுக்கு அதுவும் உடன்பாடில்லை. அந்த மனிசனுக்கு இசை தெரியும். கேட்காமல் திட்டுவது சோம்பேறித்தனம். எங்கள் சண்டை அவர் வாசித்த இசையோடு இல்லை. அவர் தன் இசையைச் சுற்றிக் கட்டிய கதையோடுதான்.

வைற்மன் 1890இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரத்தில் பிறந்தவர். தகப்பன் வில்பபோர்ஸ் வைற்மன் அந்த நகரப் பாடசாலைகளின் இசைக் கல்விக்குப் பொறுப்பாக இருந்தவர். மகன் வியோலா படித்து, டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சிம்பொனிக் குழுக்களில் வாசித்தார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படை வாத்தியக் குழுவை நடத்தினார். பிறகு சொந்தமாக நடனக் குழு, ஹோட்டல் ஹோட்டலாக வாசிப்பு, கடைசியில் நியூயோர்க். 1920இல் விக்ரர் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ‘விஸ்பரிங்’ இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காலத்தில் அது பெரிய கணக்கு. கொஞ்ச வருசத்திலேயே தன் பெயரில் பல குழுக்களை வெவ்வேறு இடங்களில் வாசிக்க விட்டுப் பங்கு எடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த மூளை பெரும்பாலும் ஃபேர்டி குரோஃபேயுடையது. இவர் வைற்மனின் அரேஞ்சர். அதாவது எந்த வாத்தியம் எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பவர். அதுவரை நடனக் குழுக்கள் அநேகமாக ஒரு பாட்டின் மெட்டை எடுத்து, எல்லாருமாகச் சேர்ந்து, அதே மாதிரி நாலு சுற்று வாசித்து முடிப்பார்கள். குரோஃபே ஒவ்வொரு சுற்றுக்கும் நிறத்தை மாற்றினார். ஒருமுறை சக்ஸபோன்கள் மெட்டைத் தூக்கும், பித்தளை வாத்தியங்கள் பின்னால் நின்று பதில் சொல்லும், அடுத்த முறை வயலின், பிறகு பியானோ தனியே. ஒரே ஆள் மூன்று நாலு வாத்தியங்களை மாற்றி மாற்றி வாசிப்பதால், இருபது சொச்சம் பேர் கொண்ட குழு அதைவிடப் பெரிதாக ஒலித்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆர்ட் ஹிக்மனின் குழு ஏற்கெனவே தொடங்கிய வேலைதான் இது. குரோஃபே அங்கேயும் இருந்தவர். என்றாலும் நாட்டுக்கே பழக்கமாக்கியது வைற்மன் குழு. இதை மறுக்க ஏலாது, நாங்கள் மறுக்கவும் இல்லை.

சரி, இப்ப ஏயோலியன் மண்டபத்துக்கு வருவோம்.

அந்தக் கச்சேரிக்கு வைற்மன் வைத்த பெயர் ‘நவீன இசையில் ஒரு பரிசோதனை’. நிகழ்ச்சி நிரலே ஒரு வாதம் மாதிரி அடுக்கப்பட்டிருந்தது. முதல் உருப்படி ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’. கடைசி உருப்படி, கேட்டால் சிரிப்பு வரும், எட்வேர்ட் எல்கரின் ‘பொம்ப் அண்ட் சேர்கம்ஸ்ரன்ஸ்’. ஆங்கில சாம்ராச்சியத்தின் அணிவகுப்பு இசை. நடுவில் விக்ரர் ஹேர்பேர்ட்டின் புதிய உருப்படிகள், செஸ் கொன்பிறியின் பியானோ, முடிவுக்கு ஒன்று முன்னதாக இருபத்தைந்து வயது ஜோர்ஜ் கேர்ஷ்வின் பியானோவில் இருக்க ‘ரப்சொடி’. கீழே இருந்து மேலே ஏறும் படிக்கட்டு. முதல் படியில் காட்டுத்தனம், கடைசிப் படியில் கனவான்கள்.

‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’ என்பது என்ன? 1917இல் விக்ரர் வெளியிட்ட, முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று வழமையாகச் சொல்லப்படும் தட்டில் உள்ள பாட்டு. கிளாரினெற் சேவல் மாதிரிக் கூவும், கோர்னெற் குதிரை மாதிரிக் கனைக்கும், ட்ரொம்போன் மாடு மாதிரிக் கத்தும். வாசித்தது ‘ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பாண்ட்’. நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த ஐந்து வெள்ளைக்காரர்கள். அக்குழுவின் தலைவர் நிக் லறொக்கா பிற்காலத்தில் ஜாஸைக் கண்டுபிடித்ததே வெள்ளையர்தான் என்று கூசாமல் சொல்லித் திரிந்தவர்.

கவனியுங்கோ. ‘பண்படாத பழைய ஜாஸ்’ என்று வைற்மன் மேடையில் காட்டியது கறுப்பர்களின் இசையைக்கூட இல்லை, வெள்ளையர்கள் செய்த விகடத்தை. அதேநேரம் கிங் ஒலிவரின் குழு 1923இல், இளம் லூயி ஆம்ஸ்ட்ரோங்கையும் வைத்துக்கொண்டு, பதிவுசெய்த இசைத்தட்டுகள் வெளிவந்துவிட்டன. ஜாஸின் வேர் எப்படியிருக்கும் என்று நியூயோர்க் கனவான்களுக்குக் காட்ட உண்மையிலேயே ஆசையிருந்தால் அதைக் காட்டியிருக்கலாம். ஆனா அந்தத் தட்டுகளைப் போட்டால் படிக்கட்டு உடைந்துவிடும். ஒலிவரின் இரண்டு கோர்னெற்றுகள் ஒன்றோடொன்று பின்னிப்போகும் விதத்தைக் கேட்கிற எவரும் இதில் ‘திருத்த’ என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். சபை அந்த முதல் உருப்படியை ரசித்துவிட்டது. சிரித்தார்கள், கைதட்டினார்கள். வைற்மனுக்குப் பயம் பிடித்துவிட்டது. நாங்கள் நக்கலுக்கு வாசிக்கிறோம் என்று இவர்களுக்கு விளங்கவில்லையோ, உண்மையிலேயே நல்லாயிருக்கு என்று நினைத்துக் கைதட்டுகிறார்களோ என்ற பயம். நாங்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. 1926இல் மேரி மாகரற் மக்பிறைட்டோடு சேர்ந்து எழுதிய ‘ஜாஸ்’ என்ற நூலில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார். கச்சேரிக்கு அடுத்தநாள் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ விமர்சகர் ஓலின் டௌன்ஸ் எழுதியதும் கிட்டத்தட்ட இதையே உறுதிசெய்தது. மன்னிப்புக் கேட்கிற தோரணையில் முன்வைக்கப்பட்ட அந்தப் பாட்டு, பின்னால் வந்த மரியாதையான உருப்படிகள் சிலதை விட நல்லாயிருந்தது, அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்ற மாதிரி எழுதினார்.

ஒரு இசைக்காரர் தன் சபை சந்தோசப்படுவதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றால் அவர் அங்கே செய்துகொண்டிருந்தது இசை மட்டுமில்லை.

இன்னொன்றும் இருக்கு. ‘ரப்சொடி’யின் தொடக்கத்தில் கிளாரினெற் கீழிருந்து வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அந்த ஒரு கணத்தைத்தான் உலகத்துக்கே தெரியும். கேர்ஷ்வின் எழுதியது தனித்தனிச் சுரங்கள் கொண்ட ஓட்டம். ஒத்திகையில் ரொஸ் கோர்மன் பகிடிக்கு அதை வழுக்கி வாசித்துக் காட்டினார், கேர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துவிட்டார் என்பது வழமையாகச் சொல்லப்படும் கதை. அரங்கேற்றத்தில் பியானோத் தனிப் பகுதிகள் சிலதும் தாளில் இருக்கவில்லை. கேர்ஷ்வின் அந்த இடத்திலேயே கற்பனையில் வாசித்தார், தலையாட்டல் வரும்வரை குழு காத்திருக்க வேண்டும் என்று குறிப்பு மட்டும். எங்கட கச்சேரிக்காரர் மனோதர்மம் என்பார்களே, அதேதான். ஒழுங்குக்கும் தாளுக்கும் வெற்றி என்று கொண்டாடப்படும் உருப்படியில் மனதில் நிற்பது ஒரு பகிடியும் தாளில் இல்லாத வாசிப்பும்.

இப்ப அசல் கேள்வி. ஜாஸை, அல்லது ஜாஸாக மாறிக்கொண்டிருந்த இசையை, பெரிய குழுவோடு மண்டபத்துக்குள் கொண்டுபோன முதல் ஆள் வைற்மனா?

இல்லை. 1912 மே 2 அன்று, ஏயோலியன் கச்சேரிக்குப் பன்னிரண்டு வருசத்துக்கு முதல், ஜேம்ஸ் றீஸ் யூரோப் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பு இசைக்கலைஞர்களோடு கார்னகி மண்டபத்தில் ஏறினார். மண்டோலின், பான்ஜோ, வயலின், பித்தளை வாத்தியங்கள், வரிசையாகப் பல பியானோக்கள். யூரோப் 1910இல் தொடங்கிய கிளெப் கிளப், நியூயோர்க்கின் கறுப்பு இசைக்கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் மாதிரியும் வேலை பிடித்துக் கொடுக்கிற கந்தோர் மாதிரியும் இயங்கியது. 1913இலும் 1914இலும் அவருடைய குழு விக்ரருக்குப் பதிவுகள் செய்தது. போர்க்காலத்தில் 369ஆவது காலாட்படையின் வாத்தியக் குழுவோடு பிரான்ஸ் போய் அங்குள்ளவர்களை அசத்திவிட்டு வந்தவர், 1919 மே மாதம் பொஸ்ரனில் கச்சேரி நடந்த இரவிலேயே தன் குழுவின் மேளக்காரர் ஒருவரால் கத்தியால் குத்தப்பட்டு இறந்துபோனார். (ஒருவர் பெயர் யூரோப், மற்றவர் பெயர் வைற்மன். கதை எழுதுகிறவன் இப்படிப் பெயர் வைத்தால் கொஞ்சம் ஓவர் என்று திருப்பிக் கொடுத்திருப்போம்.)

யூரோப்பின் ஆட்களைப் பற்றிப் பியானோக் கலைஞர் யூபி பிளேக் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு விசயம் எங்களை உலுக்கிவிட்டது. அந்தக் கலைஞர்கள் எந்த இசைத்தாளை வைத்தாலும் பார்த்தவுடன் வாசிக்கக்கூடியவர்கள். ஆனா பணக்கார வெள்ளையர் வீட்டு விருந்துகளுக்குப் போகும்போது தாளைக் கொண்டுபோவதில்லை. முதலே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போய், வாசிக்கத் தெரியாத மாதிரி, காதால் கேட்டு வந்த மாதிரி நடிப்பார்கள். ஏனென்றால் கறுப்பர்களுக்குப் படிப்பில்லை, இசை அவர்களுக்குப் பிறவியிலேயே வருவது என்று நம்பவே அந்த வீட்டுக்காரர்களுக்கு விருப்பம். வித்தையைக் காட்டினால் வேலை போய்விடும்.

பத்து வருசம் கழித்து வைற்மன் அதே நகரத்தில், அதே வர்க்கத்தின் முன்னால் இசைத்தாளைத் தூக்கிப் பிடிக்கிறார். பாருங்கள், நான் ஜாஸைத் தாளில் எழுதிவிட்டேன், ஒழுங்காக்கிவிட்டேன். சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. ஒருவர் தாளை ஒளித்தால்தான் சாப்பாடு. மற்றவருக்குத் தாளைக் காட்டினால் மகுடம். ‘ஜாஸுக்கு ஒழுங்கைக் கொடுத்தவர்’ என்ற பட்டத்தின் முழுக் கணக்கும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒழுங்கு முதலே இருந்தது, அதைக் காட்ட விடவில்லை, அவ்வளவுதான்.

யூரோப் ஒருவர் மட்டுமில்லை. வில் மரியன் குக் பெர்லினில் வயலின் படித்தவர், நியூயோர்க்கில் துவொர்ஷாக்கின் நிறுவனத்தில் இருந்தவர். 1919இல் அவருடைய குழு லண்டனில் வாசித்தபோது, அதிலிருந்த சிட்னி பெஷேயின் கிளாரினெற்றைக் கேட்டு சுவிஸ் நடத்துனர் எர்னெஸ்ட் அன்செர்மே மெய்மறந்து ஒரு கட்டுரையே எழுதினார். ஆக ஐரோப்பிய மேதைகள் ஜாஸை மதிக்கத் தொடங்கியதே ஏயோலியனுக்குப் பிறகுதான் என்ற கதையும் நிற்காது.

மேலே சொன்ன வைற்மனின் நூல், அடிமைகளோடு சங்கிலியில் வந்த இசை இது என்றுதான் தொடங்குகிறது. நல்ல தொடக்கம். அதை வாசித்துவிட்டு நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக வைற்மன், குரோஃபே, கேர்ஷ்வின், சம்பளம், பயணம். யூரோப்பும் ஒலிவரும் இருந்திருக்க வேண்டிய இடம் வெறுமை. சங்கிலியில் வந்தவர்களுக்கு முன்னுரையில் ஒரு அழகான வசனம், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு அத்தியாயம்கூட இல்லை.

“காலம் அப்படி. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் இருக்க ஹோட்டல்காரர் விடமாட்டார். வைற்மன் தனியே என்ன செய்ய?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கறுப்புக் கலைஞர்களைச் சேர்க்க அவருக்கு விருப்பமிருந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இருக்கலாம். டொன் றெட்மனிடமும் வில்லியம் கிராண்ட் ஸ்டில்லிடமும் அவர் அரேஞ்ச்மென்ற் எழுதி வாங்கினார். இருவரும் கறுப்பர்கள். அதுக்குக் காசும் கொடுத்தார். ஆனா இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசியுங்கோ. பேனா உள்ளே வரலாம், முகம் வரக்கூடாது. யூரோப்பின் ஆட்கள் வாசிப்பைக் காட்டி எழுத்தை ஒளித்தார்கள் என்றால், இங்கே எழுத்தைக் கொடுத்துவிட்டு ஆள் ஒளிய வேண்டும். காலம்தான் மேடையைப் பிரித்தது, ஒத்துக்கொள்கிறோம். ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’ஐ முதல் படியில் வைக்கச் சொன்னது காலமா? ‘ஜாஸின் அரசன்’ என்ற பட்டத்தைச் சுவரொட்டிகளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகச் சொன்னது காலமா?

இதில் ஒரு பக்கக் கதை. டென்வரில் தகப்பன் வில்பபோர்ஸ் வைற்மனிடம் இசை படித்த பிள்ளைகளில் இருவர் ஜிம்மி லன்ஸ்போர்ட், அன்டி கேர்க். இரண்டு பேரும் கறுப்பர்கள், இரண்டு பேரும் 1930களின் பெரிய குழுத் தலைவர்கள். தகப்பனின் வகுப்பில் இருந்த இடம் மகனின் மேடையில் இருக்கவில்லை.

வைற்மனுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக நல்ல விசயம் பிக்ஸ் பைடர்பெக். 1927இல் இந்தக் கோர்னெற் கலைஞரைக் குழுவில் சேர்த்தார். குடியால் உடைந்துபோன பிக்ஸை வைத்தியத்துக்கு அனுப்பி, சம்பளத்தையும் நிறுத்தாமல் கொடுத்து, திரும்பி வருவார் என்று கதிரையையும் காலியாக வைத்திருந்தார். எந்த முதலாளி இதைச் செய்வான்? அந்தக் காலப் பதிவுகளில் ‘சேஞ்சஸ்’ஐக் கேட்டுப் பாருங்கள். பில் சாலிஸின் அரேஞ்ச்மென்ற், இளம் பிங் கிறொஸ்பியின் குரல், நடுவில் பிக்ஸ் வந்து போவார். மேகத்துக்குள்ளால் வெயில் விழுந்த மாதிரி ஒரு சில விநாடிகள். பிறகு திரும்பவும் வயலின்கள் மூடிக்கொள்ளும். எங்களுக்கு வைற்மன் குழுவின் பெருமையும் பிரச்சினையும் அந்த விநாடிகளுக்குள் இருக்கு. ஜாஸ் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு அளந்து விடவேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார்.

அளக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதே 1924இல், அதே நியூயோர்க்கில் ஒரு பதில் கிடைத்தது. பிளெச்சர் ஹெண்டர்சன் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த மனிசன். றோஸ்லாண்ட் நடன மண்டபத்தில் அவருடைய குழு. அதில் அரேஞ்சர் டொன் றெட்மன். அந்த ஒக்ரோபரில் சிக்காகோவிலிருந்து லூயி ஆம்ஸ்ட்ரோங் வந்து சேர்கிறார். வைற்மன் குழுவில் பழகிய உத்திகளை றெட்மன் எடுத்தார், இதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனா எடுத்ததை வேறொன்றாக்கினார். எழுதிய பகுதியும் கற்பனை வாசிப்பும் ஒன்றையொன்று உசுப்பேற்ற வேண்டும், ஒரு பக்கம் குழு கேள்வி கேட்க மறுபக்கம் தனி ஆள் பதில் சொல்ல வேண்டும். 1925இன் ‘சுகர் புட் ஸ்ரொம்ப்’ இதற்கு நல்ல சாட்சி. அது ஒலிவரின் பாட்டு. ஒலிவரின் புகழ்பெற்ற தனி வாசிப்பை ஆம்ஸ்ட்ரோங் அதில் எடுத்து வாசிக்கிறார். வைற்மன் பகிடியாக்கி முதல் படியில் விட்டுவந்த மரபை இந்தக் குழு நடுவீட்டில் வைத்துக் கொண்டாடியது. பின்னால் வந்த ஸ்விங் யுகம் முழுவதும் நின்றது இந்த அத்திவாரத்தில்.

ஹெண்டர்சனுக்குக் கிடைத்த பட்டம்? ‘கறுப்பினத்தின் போல் வைற்மன்’. அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள்! 1930களின் நடுப்பகுதியில், குழுவைக் கொண்டுநடத்த முடியாமல், தன் அரேஞ்ச்மென்ற்களை பெனி குட்மனுக்கு விற்றார். அவற்றை வாசித்துக் குட்மன் ‘ஸ்விங்கின் அரசன்’ ஆனார். குட்மன் கறுப்புக் கலைஞர்களை மேடையில் பக்கத்தில் இருத்தியவர், ஹெண்டர்சனின் பெயரையும் மறைக்காதவர் என்பது பெரிய வித்தியாசம். ஆனாலும் அரசர்கள் மாறினார்கள், முடி போன திசை மாறவில்லை.

டியூக் எலிங்ரன் 1973இல் வெளிவந்த தன் சுயசரிதையில் வைற்மனைப் பற்றி மரியாதையாக எழுதியிருக்கிறார், நீங்கள் யார் குறை சொல்ல என்று இனி ஒராள் வருவார். எலிங்ரன் யாரைப் பற்றித்தான் மரியாதையில்லாமல் எழுதினார்? பெருந்தன்மை அவருடைய பாணி. கொட்டன் கிளப்பில் வெள்ளையர் மட்டும் அமர்ந்திருந்த சபைக்கு வருசக்கணக்காக வாசித்த ஒருவர், கச்சேரி மண்டபத்தின் கதவு யார் கையால் எப்படித் திறந்தாலும் அதைக் கவனிப்பார். கவனித்தார். தன் நீண்ட உருப்படியான ‘பிளாக், பிரவுண் அண்ட் பீஜ்’ஐக் கார்னகி மண்டபத்தில் வாசிக்க அவருக்கு 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பொருள் அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாறு. எல்கரின் அணிவகுப்பு அதில் இல்லை.

இவ்வளவும் மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்கள் 1930இல் யூனிவேர்சல் எடுத்த ‘கிங் ஒப் ஜாஸ்’ படத்தைத் தேடிப் பாருங்கள். 2016இல் புதுப்பித்திருக்கிறார்கள், நிறங்கள் கண்ணைப் பறிக்கும். தொடக்கத்தில் ஒரு கார்ட்டூன். வைற்மன் ஆபிரிக்கக் காட்டுக்கு வேட்டைக்குப் போகிறார், வயலின் வாசித்துச் சிங்கத்தை மயக்குகிறார், குரங்கு எறிந்த தேங்காய் தலையில் பட்டு வீங்குகிறது, அந்த வீக்கமே கிரீடமாகிறது. அப்படித்தானாம் அவர் அரசனானது! ‘ரப்சொடி’க்கு முன்னால், ஜாஸ் ஆபிரிக்கக் காட்டு மேளத்தில் பிறந்தது என்று அறிவித்துவிட்டு, உடம்பெல்லாம் கறுப்புப் பூசிய ஒரு நடனக்காரரை இராட்சத மேளத்தின் மேல் ஆடவிடுகிறார்கள். முடிவில் ஒரு பெரிய அண்டா. ஜாஸ் எப்படி உருவானது என்று காட்டுகிறார்களாம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின், ரஷ்யா என்று ஒவ்வொரு நாட்டு ஆட்டக்காரரும் தங்கள் பாட்டோடு வந்து அந்த அண்டாவுக்குள் இறங்குகிறார்கள், வைற்மன் நின்று கிண்டுகிறார். அந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது பாருங்கள். யார் யார் உள்ளே இறங்குகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே பாருங்கள்.